பேரத்துக்கு முன்னால் விவரம்

பழைய கார் வாங்கும்போது பேரம் என்பது பேச்சுச் சாமர்த்தியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த இடைவெளி சந்தையையே கெடுத்துவிடும் என்று 1970-இல் கட்டுரை எழுதிய ஜார்ஜ் அகர்லாஃப், 2001-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே விலை பேசும் முன் ஆர்.சி.யில் கடன் பதிவு உண்டா, இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். டயர் தேய்ந்திருந்தால் புது டயரின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

இத்தனை கேட்டால் வண்டி வேறு கைக்குப் போய்விடுமே என்பார்கள். போகட்டும். டீலரிடம் வாங்குவதானால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றைக் காட்டத் தயங்கும் கடையில் பத்தாயிரம் குறைத்தாலும் வாங்காதீர்கள்.