கேட்காமல் எடுத்த நிலம்

(செயல்வீரர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

"ஆலை வேண்டுமா, வயல் வேண்டுமா?" என்று கேட்டு, நம்மை இரு கூறாகப் பிரித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்க மறுக்கிறேன். ஆலையே வேண்டாம் என்று சொல்லிவிடும் அளவுக்கு நம் நாட்டில் வேலையும் வருவாயும் கொட்டிக் கிடக்கவில்லை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைகிறானே இளைஞன், அவனும் உழவன் வீட்டுப் பிள்ளைதான். மூன்று ஏக்கரை நான்கு உடன்பிறந்தார் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு முக்கால் ஏக்கர். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம் என்று மேடையில் பேசலாம். நடத்திக் காட்ட முடியாது. தொழில் வளரத்தான் வேண்டும்.

நான் கேட்பது வேறு. நிலத்தை எடுப்பதற்கு முன்னால் யாரைக் கேட்டார்கள்? எவரைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள்? இதற்கு விடை காண உங்களை வங்காளத்துக்கு, சிங்கூருக்கு அழைத்துப் போகிறேன்.

சிங்கூர் நீங்கள் அறியாத பெயரன்று. ஆனால் அவரவர் கட்சிக்கு ஏற்ற பாதிக் கதையைத்தான் அவரவர் சொல்லி வருகிறார்கள். முழுக் கதையையும் கேளுங்கள். கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி மாவட்டத்தில், துர்காபூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கிடக்கிறது அந்த வட்டாரம். நெல், உருளைக்கிழங்கு, சணல், காய்கறி என்று மாறி மாறி விளையும் வளமான வண்டல் மண். 2006-ஆம் ஆண்டு தேர்தலில் இடதுசாரி முன்னணி 294 இடங்களில் 235 இடங்களை வென்று, தொடர்ந்து ஏழாவது முறையாக ஆட்சிப் பொறுப்பேற்றது. முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா பதவியேற்ற மே 18-ஆம் நாளன்றே, டாட்டா நிறுவனத்தார் ஒரு லட்ச ரூபாய்க் காரை வங்காளத்தில் செய்யப்போகிறார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கென்று சிங்கூரில் எடுக்கப்பட்ட நிலம் 997 ஏக்கர்.

எடுத்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். ஜமீன்தார்களுக்கு வெண்சாமரம் வீசிய கூட்டமன்று அது. 1978-இல் 'ஆபரேஷன் பர்கா' என்ற பெயரில் ஊர் ஊராக அதிகாரிகளை அனுப்பி, வாரத்துக்கு உழுதவனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய ஆட்சி அது. ஏறத்தாழப் பதினான்கு லட்சம் வாரக் குடியானவர்கள் அதனால் உரிமை பெற்றார்கள். வயல் வரப்பிலே வளர்ந்த அந்த ஆட்சிக்குத்தான் சிங்கூர் உழவனின் மனம் தெரியாமல் போயிற்று. ஏன்? 235 இடங்களில் வெற்றி தந்தார்களே, அதுவே நிலத்துக்கும் ஒப்புதல் என்று கருதிவிட்டார்கள் என்பதே என் எண்ணம். ஆட்சி நடத்தத்தான் மக்கள் வாக்களித்தார்கள். வயலை எழுதிக் கொடுத்து அவர்கள் வாக்களிக்கவில்லையே!

நிலத்தை எடுக்கப் பயன்பட்ட கருவி எது? 1894-ஆம் ஆண்டில் வெள்ளைக்கார ஆட்சி வகுத்த சட்டம். 'பொது நோக்கம்' என்று அரசாங்கம் அறிவித்துவிட்டால் போதும். மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம். அந்த மனுவை விசாரிப்பவர் யார்? நிலத்தை எடுக்க முனைந்திருக்கும் அதே அரசாங்கத்தின் அதிகாரி! வழக்கு மன்றத்தில் வாதியே நீதிபதி நாற்காலியிலும் அமர்ந்துகொண்டால் எப்படி இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இனி, பணத்தின் கதை. நல்ல விலை கொடுத்தோம் என்றது அரசாங்கம். பொய் என்றது எதிர்க்கட்சி. மைத்ரீஷ் கட்டக் முதலிய பொருளியலாளர்கள் பின்னர் அந்த ஊர்களில் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, 2013-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், கொடுத்த விலை சந்தை விலைக்கு நெருக்கமாகவே இருந்தது என்பது அவர்கள் கண்டது. ஆனால் சராசரி என்பது யாருடைய நிலம், தோழர்களே? நிலத்துக்கு நிலம் உள்ள தர வேறுபாட்டைச் சர்க்கார் பதிவேடு சரியாகக் காட்டவில்லை. கிணறும் குழாயும் இறக்கி இரண்டு மூன்று போகம் எடுத்தவனின் வயலும், ஏட்டில் ஒருபோக நிலமாகவே இருந்தால் ஒருபோக விலைதான். நிலம் கொடுத்தவர்களில் கணிசமான பகுதியினர் தங்கள் நிலத்தின் தகுதிக்குக் குறைவான விலை பெற்றனர் என்கிறது அந்த ஆய்வு. நம் ஊர் அடங்கல் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பதிவு பெற்ற வாரக் குடியானவனுக்கு நில மதிப்பில் கால் பங்கு என்றார்கள். பெயர் பதியாமல் வாய்ச் சொல்லை நம்பி உழுதவனுக்கும், நாற்று நட்டும் கிழங்கு தோண்டியும் பிழைத்த கூலிப் பெண்ணுக்கும் முதலில் போட்ட கணக்கில் இடமே இல்லை. கொல்கத்தாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை நிலத்தைப் பார்க்க வருபவருக்குக் காசோலை; நாள்தோறும் சேற்றில் நின்றவளுக்கு ஒன்றுமில்லை. நிலம் பட்டாதாரருக்குச் சொத்தாக இருந்தது. அவளுக்கு அதுவே சோறாக இருந்தது. சட்டத்தின் கண்ணுக்குச் சொத்து தெரிந்தது, சோறு தெரியவில்லை.

ஊர் பிளந்தது. காசோலையை வாங்கியவர்கள் பலர். ஏறத்தாழ 400 ஏக்கருக்கு உரியவர்கள் வாங்க மறுத்தார்கள். தொழிற்பயிற்சிக்குப் போன இளைஞர்களும் அந்த ஊர்க்காரர்கள்தாம். வேலியை மறித்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தாம். ஆலை வரட்டும் என்றவனைத் துரோகி என்றும், வேண்டாம் என்றவனை முன்னேற்றத்தின் பகைவன் என்றும் வசைபாடினார்கள். இருவரையும் ஒரு பந்தலில் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டியவர்களோ, 2006 டிசம்பரில் போலீசைக் குவித்து வேலி போட்டார்கள். அதே மாதம் மம்தா பானர்ஜி கொல்கத்தாவில் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த மார்ச் மாதம் 14-ஆம் நாள், இன்னொரு தொழில் திட்டத்தை எதிர்த்த நந்திகிராமத்தில் போலீசார் சுட, 14 பேர் மாண்டனர். பிறகு வங்காளத்தில் யார் பேச்சும் யார் காதிலும் ஏறவில்லை. ஆலைக் கட்டடத்தின் பெரும்பகுதி எழும்பி நின்ற நிலையில், 2008 அக்டோபர் 3-ஆம் நாள், சிங்கூரை விட்டுப் போகிறோம் என்று அறிவித்தார் ரத்தன் டாட்டா. 2011-இல் 34 ஆண்டுக்கால ஆட்சி கவிழ்ந்தது.

போராடியவர்கள் வென்றார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். 2016 ஆகஸ்ட் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு செல்லாது என்றது. பன்னிரண்டு வாரத்துக்குள் உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டாம் என்றது. கார் ஆலை பொது நோக்கமா என்பதில் நீதிபதிகள் கோபால கவுடா, அருண் மிஸ்ரா இருவரும் மாறுபட்டார்கள். ஆனால் உழவரின் மறுப்பை முறையாகக் கேட்கவில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விதான், தோழர்களே! பத்து ஆண்டுகள் கழித்து நாட்டின் மிக உயர்ந்த மன்றமும் அதைத்தான் கேட்டது.

ஆனால் திரும்பி வந்தது எந்த நிலம்? கொட்டகைகளை இடித்தார்கள், வெடி வைத்துத் தகர்த்தார்கள். மண்ணுக்குள் போன கான்கிரீட்டையும் சாம்பலையும் கல்லையும் என்ன செய்வது? வரப்பும் வாய்க்காலும் அழிந்துபோன இடத்தில் தன் வயல் எது என்று எப்படி அடையாளம் காண்பது? அந்த நிலத்தில் ஒரு பகுதி பழையபடி பயிருக்கு வரவில்லை. 2023 அக்டோபரில் நடுவர் மன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது: டாட்டாவுக்கு ஏற்பட்ட இழப்புக்காக மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் ரூ. 765.78 கோடியும், அதற்கு 2016 செப்டம்பர் முதல் 11 விழுக்காடு வட்டியும் தர வேண்டும் என்று. இளைஞனுக்கு வேலை இல்லை, உழவனுக்கு முழு வயல் இல்லை, பொதுப் பணத்தின் தலையில் கோடிக்கணக்கில் சுமை!

"கேட்டுக்கொண்டே இருந்தால் ஆலை அடுத்த மாநிலத்துக்கு ஓடிவிடும்" என்று நம்மிடையேயும் சிலர் சொல்லுகிறார்கள். சிங்கூரில் கேட்கவில்லையே, ஆலை நின்றதா? குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. அங்கே கொடுத்தது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வசம் இருந்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் சர்க்கார் நிலம். 2010-இல் ஆலை திறக்கப்பட்டது. அந்த ஒரு லட்ச ரூபாய்க் கார் 2018-ஆம் ஆண்டோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது என்பது தனிக் கதை. பத்து ஆண்டு ஓடாத காருக்காகத் தலைமுறை தலைமுறையாக விளைந்த மண்!

சிங்கூரும் நந்திகிராமமும் எழுப்பிய குரலால்தான் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது. 2013-இல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும். அரசும் தனியாரும் கூட்டானால் 70 விழுக்காட்டினர். பாசனம் பெற்றுப் பல போகம் விளையும் நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொட வேண்டும். கூலியாளும் வாரக் குடியானவனும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற சொல்லுக்குள் வந்தார்கள். சமூகத் தாக்க ஆய்வை ஊராரைக் கலந்து நடத்த வேண்டும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மத்தியச் சட்டம் வந்ததும் அதில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அந்தச் சட்டத்துக்கும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். இழப்பீட்டுக் கணக்கு புதியது. சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அச்சட்டங்களுக்கு மறு உயிர் கொடுத்தது. 2021 சூனில் உச்ச நீதிமன்றம் அந்த மறு உயிரை ஏற்றது. அதாவது, பணம் கொடு, ஆனால் கேட்காதே என்பது இங்கே சட்டப்படி செல்லும். சட்டப்படி செல்லும் என்பதற்காக அது முறையாகிவிடாது. சிங்கூரில் நிலத்தை எடுத்தபோதும் ஒரு சட்டத்தின் பெயரால்தானே எடுத்தார்கள்!

இதன் விளைவைச் செய்யாற்றுப் பக்கம் மேல்மாவில் கண்டோம். சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,174 ஏக்கர் என்ற அறிவிப்பை எதிர்த்து, 2023-இல் உழவர்கள் நூறு நாளுக்கு மேல் அமர்ந்திருந்தார்கள். நவம்பரில் அவர்களில் எழுவர்மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. சில நாள்களிலேயே அறுவர் மீதான ஆணையை அரசாங்கமே திரும்பப் பெற்றது. வயலைக் கொடுக்கமாட்டேன் என்றவனுக்குச் சூட்டப்பட்ட பெயர் குண்டன்!

ஆளும் தரப்பில் இருந்தாலும் எதிர்த் தரப்பில் இருந்தாலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஒன்றியத்தில் ஒரு திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, துண்டு அறிக்கை அச்சடிக்க ஓடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போங்கள். பட்டா யார் பெயரில், உழுவது யார் என்று தனித்தனியே எழுதுங்கள். வாய்ச் சொல்லில் குத்தகைக்கு இருப்பவனையும், நடவுக்கு வரும் பெண்களையும், அறுவடைக்குப் பின் அங்கே ஆடு மேய்ப்பவனையும் விடாமல் எழுதுங்கள். ஏட்டில் புஞ்சை என்று இருந்து, கிணற்றுப் பாசனத்தில் மூன்று போகம் எடுக்கும் நிலம் எத்தனை ஏக்கர் என்று எழுதுங்கள். ஆலை வரட்டும் என்று சொல்லும் பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் கேட்கும் வேலையையும் அதே புத்தகத்தில் எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கணக்கு. பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் சர்க்கார் நிலத்தையும், முன்பே எடுத்து இன்னும் செங்கல் ஏறாமல் முள் மண்டிக் கிடக்கும் தொழிற்பேட்டை மனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். பிறகு அதன் படியை வட்டாட்சியரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.