மாலையின் உட்புறம்

(ஆலயத் திருவிழாவின் மூன்றாம் நாள் மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழிலும் வாழ்வும் என்ற தலைப்பில் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டபோது தயங்கினேன். நான் அரசு ஊழியன். மாதம் முடிந்தால் சம்பளம் வங்கிக்கு வந்துவிடும். இன்று கடை திறந்தால்தான் இன்று சோறு என்ற நிலையை நான் அனுபவித்ததில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் புதுமுக வகுப்பில் ஓராண்டும் படித்து, தட்டுத் தடுமாறி இடைநிலைப்பள்ளியை முடித்து, அரசுப் பணியில் சேர்ந்தவன். தொழில் நடத்துவதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஆகவே என் சரக்கை ஒதுக்கிவிட்டு, கிள்ளானில் எனக்குப் பழக்கமான ஒரு பூக்கடைக்காரரின் சரக்கை உங்கள் முன் விரிக்கிறேன். பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். நானும் அவரை அப்படித்தான் அழைப்பது.

எட்டடி அகலமுள்ள கடை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். சாமந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் வரும். மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும். விமானம் தாமதமானால் மொட்டு மலர்ந்துவிடும். மலர்ந்ததைத் தொடுத்தால் கட்டு நிற்காது. துணிக்கடைக்காரர் விற்காத புடவையை அடுத்த தீபாவளிக்கு விற்கலாம். பூக்கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. மாலையில் மிஞ்சியது குப்பைக்குத்தான். வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு பூ எடுப்பது, செவ்வாய்க்கு எவ்வளவு, மழை பெய்தால் எவ்வளவு என்று அவர் மனத்திலேயே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு தவறினால் நட்டம் அவருடையது. என் அலுவலகத்தில் நான் செய்யும் தவற்றின் நட்டம் வேறு யாருக்கோ போகிறது. இந்த வேறுபாடு எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

2011 ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை இரவு. மறுநாள் அபிடேகத்திற்குரிய மாலையை உதவியாள் கட்டி முடித்திருந்தான். அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் புதுப்பூ, உட்பக்கத்தில் நேற்றைய பூக்கள் சிலவற்றைச் செருகியிருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் நாரை அறுத்து, மாலை முழுவதையும் பிரித்துப் போட்டார். நானோ அவசரத்தில் இருந்தேன். "விடுங்கள் அண்ணே, உட்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "அந்தப் பக்கந்தானே தம்பி சாமி மேலே படுகிறது?" என்றார்.

அவர் சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகியவர் அல்லர். அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. உண்மையைச் சொன்னால், தைப்பூசத்தன்று அவர் முருகனைத் தரிசித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஊரே காவடி எடுக்கும் நாளில் அவர் கடையில் குனிந்த தலை நிமிராது. பண்டிகை நாளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அவர் துணைவியார் குறைபட்டுக்கொள்வார். அந்தக் குறை நியாயமானதே. உழைப்பைப் போற்றிப் பேசும் நாம், அந்த உழைப்புக்கு வீட்டார் கொடுக்கும் விலையையும் சேர்த்தே பேசவேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தை ஒரு முறை தொழில் என்ற கண்ணோடு புரட்டிப் பாருங்கள். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். அதிபத்தர் மீனவர். அமர்நீதியார் துணி வணிகர். திருப்புகலூர் முருக நாயனார் பூத்தொண்டு செய்தவர். இவர்களுள் திருவொற்றியூர்க் கலிய நாயனார்தாம் அடிக்கடி என் நினைவுக்கு வருகிறார். எண்ணெய் வணிகர். விளக்கேற்றி விளக்கேற்றியே செல்வம் கரைந்துவிட்டது. அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. முதலாளியாக இருந்த அதே தொழிலில் கூலியாளாகச் செக்கு ஆட்டி, அந்தக் கூலியில் விளக்கேற்றினார். அடியார் வரலாறாக மட்டுமே நான் அதைக் கேட்டு வந்தேன். 2020 ஆம் ஆண்டில் அதை நேரில் கண்டேன்.

அந்த ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஆலயங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. திருமணம் இல்லை, விழா இல்லை. வந்து இறங்கிய பூவை மூட்டை மூட்டையாகக் கொட்டினார் அண்ணன். உதவியாளர் இருவருக்கும் அந்த மாதச் சம்பளத்தைத் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார். பிறகு உறவினர் ஒருவரின் காய்கறி வேனில் கூலிக்கு மூட்டை தூக்கினார். விடியற்காலையில் அந்த வேனுக்குப் போகும் வழியில், தம் வீட்டு வேலியில் பூத்த அரளியையும் செம்பருத்தியையும் கட்டி, ஒரு சிறு சரத்தை ஆலயக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே அர்ச்சகர் ஒருவர் மட்டுமே நித்திய பூசையை நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சரத்தின் உட்புறத்தை மட்டுமா, வெளிப்புறத்தையும்தான் பார்க்க ஆளில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு வருத்தம் தரும் பகுதி. அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கம் குறுந்தொழில் புரிவோருக்கு 3,000 வெள்ளி மானியம் அறிவித்தது. மனுச் செய்யும்படி தொலைபேசியில் அவரிடம் கூறினேன். "எனக்குக் கிடைக்காது தம்பி, பதிவு இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் நாட்டின் வணிகப் பதிவுச் சட்டம் 1956 ஆம் ஆண்டிலேயே வந்தது. வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி. சொந்தப் பெயரில் என்றால் 30 வெள்ளி. இதைக்கூடச் செய்யவில்லையே என்று கடிந்துகொண்டேன்.

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் உரிமப் பாரத்தைக் கொண்டு ஓர் அலுவலகத்திற்குப் போனாராம். கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பேருந்து மாறி. முகப்பில் இருந்தவர் பாரத்தை மேலோட்டமாகப் பார்த்து, ஒரு நகல் குறைகிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டாராம். அன்று வாங்கிய பூ முழுவதும் வீணாயிற்று. அதன்பிறகு எந்த அரசாங்க முகப்புக்கும் அவர் போகவில்லை.

எந்த அலுவலகம் என்று நான் கேட்கவில்லை. கேட்க அச்சமாக இருந்தது.

ஏனெனில் 2009 இல் நானும் முகப்பில் இருந்தேன். தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலாய் படிக்கத் தெரியாது. பாரத்தில் இரண்டு இடங்கள் நிரப்பப்படவில்லை. அடையாள அட்டை நகலும் இல்லை. மணி நாலேகால். நகல் எடுக்கும் இயந்திரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாளைக்கு வாருங்கள் தாத்தா என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "சரிங்க ஐயா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வரவே இல்லை. விதிப்படி நான் செய்தது சரி. மேலதிகாரி எவரும் என்னைக் குறை கூறியிருக்க முடியாது. அந்தப் பெரியவர் எனக்குப் பல ஆண்டுகள் நினைவில் இல்லை. வியாழக்கிழமை இரவு அறுபட்ட அந்த மாலையைப் பார்த்தபோதும் அவரை நினைக்கவில்லை. பூக்கடை அண்ணன் தொலைபேசியில் பேசி முடித்த பிறகே நினைவுக்கு வந்தார்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் ஊழியர்களை முதல் நாளே நகல் இயந்திரத்தின் அருகில் அழைத்துப்போய்க் காட்டுகிறேன். ஏன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை, சிரிக்கிறார்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணனை அழைத்துச் சென்றேன். இருபது நிமிடத்தில் பதிவு முடிந்தது. முகப்பிலிருந்த இளம்பெண் விடுபட்ட இடங்களைத் தானே கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுத்தார். சுயதொழில் புரிவோருக்கென 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொக்சோ பாதுகாப்பு இருக்கிறது, ஊழியர் சேமநிதியிலும் தாமாகவே சந்தா செலுத்தலாம் என்பதையும் விளக்கினேன். இங்கே சிறுகடை வைத்திருக்கும் அன்பர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள். பாரங்கள் கொண்டு வந்திருக்கிறேன். திரும்பும் வழியில் அண்ணன், "அந்தப் பிள்ளைக்கு ஒரு முழம் மல்லிகை கொண்டுபோயிருக்கலாம்" என்றார். அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாது அண்ணே என்றேன். பூவுக்குமா என்று கேட்டுச் சிரித்தார்.

இன்று நம் சுவாமிக்கு அணிவிக்கப்பட்டிருக்கும் மாலை அவர் கடையிலிருந்து வந்ததுதான். அழைத்தேன், வரவில்லை. நாளைத் தேருக்கு வேண்டிய மாலைகளை இந்நேரம் கட்டிக்கொண்டிருப்பார். மணி அடித்துவிட்டார்கள், பூசைக்கு எழுவோம்.