வீட்டுத் தோட்டத்தில் ஆனைக்கொய்யா

பட்டர்புரூட் என்று சொல்றோமே, அந்த ஆனைக்கொய்யா மெக்சிக்கோ பக்கத்து மரம். ஆனாலும் நம்ம மலைநாட்டில் நல்லா காய்க்குது. அதற்கு ஆகாதது வேரில் தேங்கும் தண்ணீர்தான். நானே குவார்ட்டர்ஸ் பின்னால் கானோரம் வைத்து, நாலு வருஷம் வளர்த்த மரத்தை ஒரே மழைக்காலத்தில் வேரழுகலுக்குப் பறிகொடுத்தேன். பூ வைத்திருந்த மரம்! நீங்கள் தண்ணி வடியற சரிவில், மண்ணை மேடாக்கி நடுங்கள். கொட்டைக் கன்று காய்க்கப் பல வருஷம் பிடிக்கும். ஒட்டுக்கன்று மூணு, நாலு வருஷத்தில் காய்க்கும். காய் மரத்தில் பழுக்காது, முற்றியதும் பறித்து வையுங்கள்.

மாடு, ஆடு வளர்க்கிறவர்கள் கவனியுங்கள். இதன் இலையைத் தின்றால் மடி வீங்கும், பால் குறையும், செத்தும் போகலாம். கவ்வாத்து பண்ணின கிளையைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.