வரப்பு நடையும் வட்டில் சோறும்

(வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



வழக்கமாக இந்த நேரத்தில் நாற்றங்கால், நுண்ணூட்டம், குருத்துப்பூச்சி என்று பேசிவிட்டுப் போகிறவன் நான். இன்றைக்குப் பயிரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பயிர் செய்கிறவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் வேளாண்மை படித்தவன், மருத்துவன் அல்ல. இருந்தாலும் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1960-களில் ஆடுதுறை 27 வந்தபோது, வானொலியில் கேட்டுக் கேட்டே அதைப் பயிரிட்டு, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயரும் வைத்த ஜில்லா இது. அந்தக் காதை இன்னொரு பதினைந்து நிமிஷம் கொடுங்கள்.

தாளடி அறுவடை சமயம். அம்மாபேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் வயல் பார்க்கப் போயிருந்தேன். அறுவடை இயந்திரம் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்துக்காரர் வரப்பில் நிற்கிறார். 53 வயது, 5 ஏக்கர், நல்ல உழைப்பாளி. வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றேன்.

“நெல்லுத் தாள் குத்திடுச்சு சார். எப்ப குத்துச்சுன்னே தெரியல. திண்ணையில ரத்தத்தைப் பாத்துட்டு வீட்டுலதான் சொன்னாங்க.”

“வலி இல்லையா?”

“அதான் இல்லைங்களே. வலிக்காத புண்ணுக்கு என்ன வைத்தியம்னு சும்மா விட்டுட்டேன்.”

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரத்தத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. பல வருஷமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். சர்க்கரை கூடி நாள்பட்டால் கால் நரம்பு மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், விரல் போய், கால் தப்பியது.

நான் பார்க்கப் போனபோது அவர் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சு. “நான் என்ன சார், மெத்தையில உட்கார்ந்து திங்கிறவனா? வயல்ல பாடுபடுறவனுக்கு எப்படி சார் சர்க்கரை வரும்?”

நியாயமான கேள்வி. பரம்பரையும் ஒரு காரணம், பாடுபடுகிறவருக்கும் வரலாம். ஆனால் பாடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்டுக் கலப்பை ஒரு சாலுக்கு அரை அடி அகலம் உழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதை ஒரு தடவை உழுது முடிக்க, மாட்டுக்குப் பின்னால் 87,120 அடி நடக்க வேண்டும். அதாவது பதினாறரை மைல். ஏறக்குறைய இருபத்தாறரைக் கிலோமீட்டர். சேற்றில், மேழியை அழுத்திக்கொண்டு. ஒரு தடவை உழுதால் போதுமா? இரண்டு சால், மூன்று சால் ஓட்டுவார்கள். பிறகு பரம்படிப்பு. அண்டை வெட்டு, நாற்று முடி சுமப்பது, அறுப்பு, கட்டுத் தூக்கிக் களத்தில் போடுவது, போரடிப்பது, தூற்றுவது. அந்தக் கேள்வி கேட்டவருடைய அப்பா இவ்வளவும் செய்துவிட்டு வட்டில் நிறையச் சோறு சாப்பிட்டார். அது எங்கே போயிற்று என்று கேட்டால், வயலுக்கே போயிற்று.

இப்போது உழவுக்கு டிராக்டர். நடவுக்கு இயந்திரம், இல்லாவிட்டால் நேரடி விதைப்பு. அறுப்புக்கும் இயந்திரம். அதை நான் குறை சொல்லவில்லை. இயந்திரம் வாங்குங்கள், மானியம் இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவனே நான்தான். முதுகு ஒடிகிற வேலை போனது நல்லதுதான். ஆனால் கைக்கும் காலுக்கும் ஓய்வு கொடுத்த நாம், வயிற்றுக்கு அந்தச் சேதியைச் சொல்ல மறந்துவிட்டோம். வட்டில் அதே வட்டில்தான்.

இந்தக் கதை அவரோடு நிற்கவில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது. கிராமமும் அதில் சேர்ந்ததுதான். எனக்கே 43-ஆவது வயதில் எல்லைக்கோட்டைத் தொட்டது. மோட்டார் சைக்கிளில் போய் இறங்கி, “வரப்பில் நடந்து பயிரைப் பாருங்கள்” என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு, மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகிறவன் நான்! எனக்கு வராமல் யாருக்கு வரும்?

அப்படியானால் சோற்றை விட்டுவிடலாமா? தஞ்சாவூர்க்காரரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எட்டு இட்லி சாப்பிட்டவரைக் கேட்டால்கூட, “டிபன்தான் ஆச்சு, இன்னும் சாப்பிடலை” என்று சொல்கிற ஊர் இது. சோறு நமக்கு விரோதி அல்ல. அளவும் துணையும்தான் கோளாறு. தழைச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயிருக்கு அது வேண்டும். ஆனால் தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் என்ன ஆகிறது? பார்வைக்குக் கருகருவென்று இருக்கும். பிறகு புகையான் வரும், ஒரு மழைக்குச் சாய்ந்தும் போகும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

100 கிராம் அரிசியில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. புரதம் 7 கிராம் அளவுதான். அதே 100 கிராம் உளுந்திலோ பச்சைப்பயறிலோ புரதம் சுமார் 24 கிராம். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று அரிசியே மூன்று வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. நடுவில் துணைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இதில் எனக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், ஈரம் மெழுகுபோல இருக்கிற பதத்தில் உளுந்தையும் பயறையும் நிற்கிற பயிருக்குள்ளேயே தெளித்துவிடுவது இந்த டெல்டாவின் பழைய வழக்கம். நெல்லை அறுத்து முடிக்கும்போது பயறு முளைத்து நிற்கும். பனி ஈரத்திலேயே விளைந்தும் விடும். ஆடுதுறை 3 உளுந்து இதற்கென்றே வந்த ரகம். அறுவடை இயந்திரம் வந்த பிறகு, சக்கரத்தில் முளை நசுங்கிப் போகிறது என்று அந்த விதைப்பையே விட்டவர்கள் பலர். ஆக, இயந்திரம் நம் நடையையும் எடுத்துக்கொண்டது, வட்டிலில் இருந்த பயறையும் எடுத்துக்கொண்டது. விளைவிக்கிறவர்களும் கடைசி மூட்டைவரை வியாபாரியிடம் போட்டுவிட்டு, வீட்டுக்குக் கால் கிலோ பாக்கெட் வாங்குகிறோம்.

இதற்கு வழி இருக்கிறது. இயந்திரம் இறங்குகிற வயலில் அறுவடை முடிந்த கையோடு, ஈரம் போவதற்குள் பயறு விதைக்கலாம். முறையை உங்கள் பகுதி வேளாண் அலுவலரைக் கேளுங்கள். குறுவையிலும் சம்பாவிலும் வரப்போரம் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். நெற்பயிரின் பூச்சிகளைத் தின்கிற நல்ல பூச்சிகளுக்கு அது இருப்பிடம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இப்போது இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த வரப்புப் பயறை விற்காதீர்கள். அது வீட்டுக்கு. கொல்லையில் ஒரு முருங்கை, வேலியில் அவரை, பந்தலில் புடலை, கிணற்றடியில் பொன்னாங்கண்ணி. இவற்றுக்கு உரச் செலவுகூடக் கிடையாது.

வட்டிலில் பாதிக்குக் காயும் கீரையும். மீதிப் பாதியில் சரிபாதி பருப்பு, பயறு, முட்டை, மீன். எஞ்சிய இடத்தில் சோறு. முதலில் காயையும் பயறையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வையுங்கள். சர்க்கரை சட்டென்று ஏறாது. கெண்டை மீன் குழம்பும் வயல் நண்டு ரசமும் சாப்பிட்ட நாக்குக்கு, இது ருசி குறைவான சாப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் பழைய சோறு சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். சாப்பிடலாம், மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து. ஆனால் அதுவும் சோறுதான், அளவு உண்டு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு நல்லதல்ல.

பாரம்பரிய நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட பழைய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018-ல் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் எல்லாம் மறுபடி வயலுக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தவிடு போகாத அரிசி, நார்ச்சத்து உள்ளது, நல்லது. ஆனால் “இது மருந்து அரிசி சார்” என்று சொல்லிக்கொண்டு மூன்று வட்டில் சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டீக்கடைக் கணக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 5 டீ, டீக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை. மொத்தம் 10 கரண்டி, 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை, டீ வழியாக மட்டும்! டீயை விட வேண்டாம். இரண்டாகக் குறையுங்கள், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும், எனக்குப் பழகியது.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சின சோற்றைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. காய் அதற்குள் தீர்ந்திருக்கும், மீனில் முள்தான் மிச்சம். ரத்தசோகையும் சர்க்கரையும் ஒரே உடம்பில் வருவது இப்படித்தான். முன்பு நடவும் களையெடுப்பும் இருந்தன. கூட்டமாகப் போய்ப் பாடிக்கொண்டு நட்டார்கள். கூலியோடு மனசுக்கும் ஏதோ கிடைத்தது. அந்த நாட்கள் குறைந்துவிட்டன. ஐந்தாறு பேர் சேர்ந்து சாயங்காலம் வாய்க்கால் கரையில் ஒரு நடை போய்வாருங்கள். பேச்சும் ஆகும், நடையும் ஆகும். வீட்டு ஆண்களுக்கு ஒன்று: காயில் ஒரு பங்கு எடுத்துவைத்துவிட்டு மற்றவர்களுக்குப் போடச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமக்கு அதற்கு மைதானம் வேண்டாம். வண்டியை ரோட்டிலேயே நிறுத்துங்கள். 5 ஏக்கரும் ஒரே சதுரத் தாக்காக இருந்தால் சுற்று வரப்பு ஏறக்குறைய 570 மீட்டர். மூன்று சுற்று நடந்தால் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர். எலி வளையும், மடை உடைப்பும், குருத்து காய்ந்ததும் கண்ணில் படும். கையில் ஒரு மண்வெட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஆபத்தான காலம் தாளடி முடிந்து மேட்டூர் திறக்கிறவரை உள்ள கோடைதான். ஜூன் 12-ஐ எதிர்பார்த்துத் திண்ணையில் உட்காருகிறோம். சீட்டாட்டம், செல்போன், நாலு மணிக்கு பஜ்ஜி. வேலை இல்லாத மாதத்தில் சோறும் இளைக்க வேண்டும்.

இப்போது கால். சேற்றுப்புண் நமக்கு எல்லோருக்கும் வரும்; சர்க்கரை உள்ளவருக்கு அது சாதாரணப் புண் இல்லை. வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். தினம் ராத்திரி உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சேற்றில் பூட்ஸ் ஒட்டிக்கொள்ளும், எனக்குத் தெரியும். ஆனால் அறுத்த வயலில், நட்டுக்கொண்டு நிற்கிற தாளின் மேல் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

30 வயதைத் தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். நடுவில் இருந்தால் திருந்த நேரம் இருக்கிறது. மண் பரிசோதனைக்கு மண் எடுக்கிறவர்களுக்கு இந்த ஒரு ஊசி பெரிசா?

தூக்கமும் கவலையும் சேர்ந்ததுதான் உடம்பு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மாதக்கணக்கில் தூங்காதவர்களை நான் அறிவேன். கடனோ வெள்ளமோ, மனசுக்குள் பூட்டி வைக்காமல் ஒருவரிடம் சொல்லுங்கள். பாட்டிலிடம் சொல்லாதீர்கள்.

போன மாதம் அவரைப் பார்த்தேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. கட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு தினம் இரண்டு சுற்று வருகிறார். வரப்பில் தட்டைப்பயறு காய்த்திருந்தது. “சார், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார்.

“ஒரு கரண்டி சாப்பிடுங்க. அன்னிக்கு மத்தியானம் சோத்தைக் குறைச்சுக்குங்க. சாயங்காலம் ஒரு சுற்று கூட நடங்க” என்றேன்.

உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மா குரல் வந்தது: “எந்தக் கரண்டின்னு சொல்லிட்டுப் போங்க சார். இவங்க அன்னக் கரண்டியைத் தூக்கிட்டு வந்துருவாங்க!”

குழம்புக் கரண்டி என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று.