பனியில் கிடந்த ஓலை



கதிரைகள் போதாமற்போனதால் முன்வரிசையில் பாய் விரித்திருக்கிறோம். நீங்கள் இருக்கிற அந்தப் பாயைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். உள்ளங்கையை அதன் மேல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒரு வரி தடித்து ஒரு வரி மெலிந்திருந்தால் கைக்குத் தட்டும். இதில் தட்டாது. ஒவ்வோர் ஓலையையும் ஒரே அகலத்தில் வார்ந்த கை அது.

என் அம்மம்மா பாய் இழைத்தவர். அதனால் இந்த வேலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தேன். வெட்டிய ஓலையை வெயிலில் காயப்போடுவார். காய்ந்ததும் ஈர்க்கை நீக்குவார். பிறகு இரவில் முற்றத்தில் பரப்பி, பனியில் கிடக்க விடுவார். விடியற்காலை அந்த ஓலை கைக்கு இணங்கும், எந்தப் பக்கம் மடித்தாலும் வெடிக்காது. வெயில் ஏறினால் முறுகிவிடும். அதனால் அடுப்பு மூட்டும் முன்பே அம்மம்மா இழைக்கத் தொடங்கிவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, சமையல் முடிய, பொழுது சாய மறுபடி இருப்பார். ஒரு பாய் இப்படித் துண்டு துண்டான நேரங்களில்தான் வளரும். ஒரே இருப்பில் நடக்காத வேலையை ஒருவரும் வேலையென்று எண்ணவில்லை. "சும்மா இருக்கிற நேரத்தில் இழைத்தது" என்று அம்மம்மாவே சொல்லுவார். அவர் சும்மா இருந்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

இப்போது கோயில் வீதிக்கு வாருங்கள். திருவிழாக் காலம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளியில் விலை ஒட்டியிருக்கிறது, பார்க்கிறோம், காசைக் கொடுக்கிறோம், வாங்கிப் போகிறோம். அடுத்த பக்கம் நிலத்தில் சாக்கு விரித்து ஓர் ஆச்சி இருக்கிறார். பாய், கடகம், நீற்றுப்பெட்டி எல்லாம் முன்னால். "என்ன விலை ஆச்சி? கடைசி விலை சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சம் குறையுங்கோ." இயந்திரம் வைத்த விலைக்குத் தலையாட்டுகிற நாங்கள், கண் முன்னால் இருக்கிற கையோடு பேரம் பேசுகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் செய்கிறார்கள். யாரையும் நோகச் சொல்லவில்லை, நானும் பேசியிருக்கிறேன். அந்த ஆச்சி இருபது ரூபாய் குறைத்தபோது வென்றுவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் பனை வளவில் நின்றது. ஓலைக்குக் காசு இல்லை. நெல் காயவிடக் களப்பாய், படுக்கப் பாய், தண்ணீர் இறைக்கப் பட்டை என்று எல்லாம் வீட்டுத் தேவைக்கே இழைக்கப்பட்டன. மிஞ்சினால் அயலுக்குக் கொடுத்தார்கள், அயல் எதையோ திருப்பிக் கொடுத்தது. அங்கே விலை என்ற பேச்சே இல்லை. அதனால் விலை சொல்லும் பழக்கமும் எங்கள் பெண்களுக்கு வரவில்லை.

பிறகு 1990 வந்தது. ஜூன் மாதம் யுத்தத்தால் வலிகாமம் வடக்கு எழும்பி நடந்தது. இந்தக் கீரிமலையும் மாவிட்டபுரமும் காங்கேசன்துறையும் வெறிச்சோடின. மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம் குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. இழந்ததைக் கணக்கெடுக்கும்போது வீடு, காணி, கிணறு என்று எழுதினோம். பனையை எழுதினவர்கள் குறைவு. ஆனால் பாய் இழைக்கிற பெண்ணுக்குப் பனைதான் முதல். அது இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் நின்றுவிட, அவள் வேலிக்கு வெளியே நின்று ஓலையைக் காசுக்கு வாங்கினாள். செலவு வந்துவிட்டது, விலை மட்டும் பழைய அயல்வீட்டு விலையாகவே நின்றது. யுத்தத்தில் கணவனை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தூக்கிய எத்தனையோ பெண்கள் அந்த விலைக்குத்தான் இழைத்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்லக் கூசுகிறது, சொல்லாமல் விடவும் முடியாது. பனையில் ஏறுகிறவரையும் ஓலை வெட்டுகிறவரையும் சாதி சொல்லித் தள்ளிவைத்த ஊர் இது. மரத்தைக் கற்பகதரு என்று போற்றினோம், அந்த மரத்தால் வாழ்ந்த மனிதருக்கு வாசலில் இடம் கொடுக்கவில்லை. ஆளை மதிக்காத இடத்தில் அவர் கைப்பொருளுக்கு எப்படி விலை ஏறும்?

1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவை செய்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விலை என்ற கேள்விக்கு வெளியுலகம் கண்ட வழியையும் நாங்கள் அறிய வேண்டும்.

வட இந்தியாவில் கம்பளம் நெய்யும் தறிகளில் பிள்ளைகள் அடிமைகள்போல் வேலை செய்தார்கள். கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994இல் ஓர் அடையாளச் சீட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் உழைப்பு இல்லாமல் நெய்த கம்பளத்துக்கு எண்ணிட்ட சீட்டு. ரக்மார்க் என்ற அந்த முயற்சி இன்று குட்வீவ் என்ற பெயரில் நடக்கிறது. கம்பளம் யார் கையால் வந்தது என்று வாங்குகிறவர் கேட்கத் தொடங்கினார். எங்கள் நாட்டிலும் குருநாகலில் சட்டத்தரணி சாண்ட்ரா வந்துராகல 1991இல் தொடங்கிய செலின் கைத்தறி நிறுவனம், கிராமத்துப் பெண்களின் நெசவை நியாய வணிக முறையில் உலகுக்கு அனுப்புகிறது.

உலக நியாய வணிக அமைப்புக்கு 10 கோட்பாடுகள் உண்டு. எல்லாவற்றையும் இங்கே அடுக்கமாட்டேன். ஒன்று எங்களுக்கு மிக வேண்டியது. கைவினைப் பொருளுக்குக் கட்டளை கொடுப்பவர், இழைக்கிறவர் கேட்டால், குறைந்தது பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தங்கச்சிமாரே, இது சின்ன விஷயமில்லை. ஓலைக்கும் சாயத்துக்கும் கடன்பட்டு, பாய் முடியும் முன்பே கடன்காரருக்கு அஞ்சி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதானே எங்கள் துயரம்? முற்பணம் கையில் இருந்தால், "இந்த விலைக்குத் தர ஏலாது" என்று சொல்ல வாய் வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உதாரணத்துக்குத்தான். ஒரு பாய் 1,500 ரூபாய்க்குப் போகிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் 300. மிஞ்சியது 1,200. இழைத்தது 20 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 60 ரூபாய். வீதியோரக் கடையில் ஒரு பால்தேத்தண்ணி குடிக்க அது காணாது. ஒரு மணித்தியாலம் முதுகு வளைந்தவளுக்கு ஒரு தேத்தண்ணி இல்லை!

ஆகவே நாளையிலிருந்து இழைக்க இருக்கும்போது ஒரு கொப்பியைப் பக்கத்தில் வையுங்கள். இருந்த நேரம், எழும்பிய நேரம் இரண்டையும் எழுதுங்கள். பத்து நிமிடம் என்றாலும் எழுதுங்கள். விலை வாங்குகிறவரின் சட்டைப்பையில் தொடங்கக் கூடாது, அந்தக் கொப்பியில் தொடங்கட்டும்.

இந்த மண்டபத்தின் பின்சுவரோடு பத்துப் பாய்கள் சுருட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் மூலையிலும் ஓர் ஓலைத்துண்டு கட்டியிருக்கிறது. ஓலைச்செலவு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் இழைத்தது, விலை என்ன என்று அதில் இருக்கும். முதலில் அதை வாசியுங்கள், அதன்பிறகு வாங்குவதா விடுவதா என்று யோசியுங்கள்.

இனி எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் மேடைக்கு வந்து பாய்க்கு அடி எடுப்பதைக் காட்டப் போகிறார். பிள்ளைகள் கிட்ட வந்து இருங்கள். அவர் கொண்டுவந்திருப்பது நேற்றிரவு பனியில் கிடந்த ஓலை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் பேசப் பேச அது முறுகிவிடும். வாங்கோ ஆச்சி.