தா என்னும் சொல்



கொடையைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கொடுப்பவரையே நினைக்கிறோம். தொல்காப்பியர் கேட்பவரையும் எண்ணிப் பார்த்தார். ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றும் இரத்தலுக்குரிய சொற்கள் என்று சொல்லதிகாரத்தின் எச்சவியலில் கூறி, தாழ்ந்தோன் ‘ஈ’ என்றும், ஒத்தோன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பான் என வரையறுத்தார். இன்றைய பேச்சில் ‘ஈ’ வழக்கொழிந்துவிட்டது. ஆனால் கையேந்துபவரின் கூச்சம் ஒழியவில்லை.

அக்கூச்சத்தைத் தம்மைச் சூழ்ந்திருந்தோரிடமிருந்து அகற்றிய மூதாட்டி ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். பிடோக்கில் நாங்கள் குடியிருந்த வீவக அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர். கடையநல்லூர் வழிவந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர். ஐவேளைத் தொழுகை தவறாதவர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எங்கள் தளத்தார் அனைவருக்கும் அவர் ‘பாட்டி’தான்.

நோன்பு மாதத்தில் அவர் வீட்டில் பெரிய பானையில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். அரிசியும் பருப்பும் வெந்தயமும் குழைந்து, இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் மணக்கும். சைவ உணவினரான எங்களுக்கென இறைச்சி சேர்க்காத சிறு பானை ஒன்று தனியே இருக்கும். படைத்தவன் தந்ததைத் தாம் பகிர்வதாகவே அவர் கருதினார். தமது கொடை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நாம் வியந்தது வேறொன்று. கொடுத்த வீட்டிலெல்லாம் அவர் ஏதேனும் ஒன்றைக் கேட்டும் வாங்கினார். எங்களிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எதிர்வீட்டுச் சீன மூதாட்டியிடம் பாண்டான் இலை. வேலையிழந்து வருந்திய ஒருவரிடம், ஒழுகும் குழாயைச் சரிசெய்து தரும் உதவி. பள்ளிப் பிள்ளைகளிடம், “கண்ணு மங்கிப்போச்சு, தமிழ் முரசைக் கொஞ்சம் வாசிச்சுத் தா” என்பார். அவர் வாழ்ந்தவரை எங்கள் தளத்தில் வாங்குபவர் மட்டுமாக எவரும் இருந்ததில்லை. அவர் மறைந்தபின் வந்த முதல் நோன்பில், அவர் மகன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு சென்றவர்கள் அண்டை வீட்டார்.

இப்பண்பிற்குத் தமிழில் பெயர் உண்டு. திருக்குறளின் இல்லறவியலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். ஈகை வறியவர்க்குத் தருவது. ஒப்புரவோ ஊர் நடுவே நிறைந்த நீர்நிலை போல, பழுத்த மரம் போல, எல்லார்க்கும் பயன்பட வாழ்வது. ‘ஒப்பு’ என்னும் அடியே அதன் பொருளை உணர்த்தும். சிங்கப்பூர் நன்கறிந்த தெரேசா ஷூ அம்மையாரையும் இங்கு நினைக்கலாம். 1965இல் நோயுற்ற முதியோர்க்கு இல்லம் அமைத்த அவர், நூறு வயதைக் கடந்த பின்னும், தம்மினும் இளைய முதியோருக்கு உதவி வந்தார். 2011இல் மறைந்தார்.

மொழியாசிரியர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உள்ளது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வகுப்பறை தமிழைக் கற்பிக்கும். ஆனால் அத்தமிழ் தன்னிடமிருந்து ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்னும் உணர்வைப் பிள்ளைக்கு யார் தருவது? நாளிதழை வாசித்துத் தரச் சொன்ன பாட்டி அதைத் தந்தார். திக்கித் திக்கிப் படித்த பிள்ளைகளை அவர் திருத்தவில்லை. செய்தி புரியவில்லை என்று மறுபடி படிக்கச் சொன்னார். அவர்கள் தாமே திருத்திக்கொண்டார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் அடுக்குமாடியிலும் கண் மங்கிய முதியவர் ஒருவர் இருப்பார். இவ்வாரம் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏதேனும் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.