அரசாங்க வக்கீலை விசாரிப்பவர் யார்?



அமெரிக்க நாட்டின் பிரஜைகள் என்ற உரிமையோடு இங்கே கூடியிருக்கும் உங்களிடம், மத்திய அரசாங்கத்தின் நீதி இலாகாவைப் பற்றி, குறிப்பாக அந்த இலாகாவின் வக்கீல்கள் தவறிழைத்தால் அவர்களை விசாரிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி, நெடுநாளாக என் மனத்தில் கனன்றுகொண்டிருப்பதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன். ஒரு மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும், அவன் வாழ்நாளெல்லாம் தேடிய நற்பெயரை ஒரு குற்றப்பத்திரிகையால் குலைக்கவும், விரும்பினால் குற்றவாளி ஒருவனை வழக்கின்றி விட்டுவிடவும் வல்லவர்கள் அவர்கள். அத்தகைய அதிகாரம் படைத்தவர்கள் மீது புகார் எழுந்தால், அதை விசாரிப்பது அவர்களுடைய எஜமானரின் கீழ் இயங்கும் அலுவலகமே என்றால், அதை நியாயம் என்று நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

வாட்டர்கேட் ஊழலின் வெட்கம் ஆறாதிருந்த 1975-இல், இலாகாவுக்குள்ளேயே தொழிற்பொறுப்பு அலுவலகம் என்ற ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவரை நியமிப்பவர் அட்டர்னி ஜெனரல். அத்தலைவர் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதும் அட்டர்னி ஜெனரலுக்கே. 1978-இல் காங்கிரஸ் பல இலாகாக்களுக்குச் சுயேச்சையான இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை ஏற்படுத்தியபோது நீதி இலாகா விடுபட்டது. 1988-இல்தான் அதற்கும் ஒருவரை ஏற்படுத்தும் சட்டம் வந்தது. ஜனாதிபதி நியமித்து, செனட் சபை உறுதிசெய்து, தாம் கண்டதைக் காங்கிரஸுக்கும் தெரிவிக்கும் கடமையுள்ளவர் அவர். ஆயினும், வழக்குத் தொடுப்பதிலும் வாதாடுவதிலும் சட்ட ஆலோசனை கூறுவதிலும் வக்கீல்கள் செய்த தவறு பற்றிய புகார்களை அவர் தொடக்கூடாது, அவை தொழிற்பொறுப்பு அலுவலகத்துக்கே போக வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. வேறெந்த இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கும் இப்படியொரு தடை கிடையாது.

இந்த விலக்கு என்ன செய்கிறது என்பதை இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். இளம் விளையாட்டு வீராங்கனைகளை வைத்தியம் என்ற போர்வையில் கெடுத்த லாரி நாசர் மீது, 2015 ஜூலையில் இண்டியானாபொலிஸிலுள்ள எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் புகார் வந்தது. அந்த அலுவலகம் ஒரேயொரு பெண்ணிடம், அதுவும் சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிட்டது. அதன் பின்னும் ஏறக்குறைய எழுபது பேர் அவனுக்கு இரையானார்கள். எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள் இன்ஸ்பெக்டர் ஜெனரலின் வரம்புக்குள் இருப்பதால், அவர் விசாரித்தார். அலட்சியத்தையும், அதை மறைக்க அதிகாரிகள் சொன்ன பொய்களையும் 2021 ஜூலையில் நாடறிய எழுதினார். இரண்டு மாதத்தில் சிமோன் பைல்ஸ் முதலான வீராங்கனைகள் செனட் கமிட்டியின் முன் அமர்ந்து சாட்சியம் சொன்னார்கள். மற்றொன்று ஜெஃப்ரி எப்ஸ்டீனின் வழக்கு. அதிலும் கெடுக்கப்பட்டவர்கள் பள்ளிப் பருவத்துப் பெண்கள். 2007-இல் தெற்கு ஃப்ளோரிடாவின் மத்திய அரசு வக்கீல் அலெக்ஸாண்டர் அகோஸ்டாவின் அலுவலகம், மத்திய வழக்குத் தொடராமல் விட்டுவிடுவதாக அவனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அது கையெழுத்தாகும் முன் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறியவர்கள் வக்கீல்களாகையால் இது தொழிற்பொறுப்பு அலுவலகத்துக்குப் போயிற்று. 2020 நவம்பரில் அகோஸ்டாவிடம் விவேகக் குறைவு உண்டு, ஒழுக்க மீறல் இல்லை என்று அது முடிவு கூறியது. இலாகா அன்று பொதுமக்களுக்கு வெளியிட்டது அறிக்கையின் சுருக்கத்தை. அந்த முடிவு சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. சரியாகவே இருந்தாலும், அதை நம்பும்படி அந்தப் பெண்களின் தாய்மாரைக் கேட்க நமக்கு வாயுண்டா?

பாதிக்கப்பட்டவர்களைக் காப்பதற்கு மட்டும் இதைக் கேட்கவில்லை, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகவும் கேட்கிறேன். அலாஸ்காவின் செனட்டராக நாற்பதாண்டு இருந்த டெட் ஸ்டீவன்ஸ், தம் வீட்டைப் புதுப்பித்த வேலையை இனாமாகப் பெற்று மறைத்தார் என்று 2008 அக்டோபரில் குற்றவாளியாக்கப்பட்டார். எட்டு நாளில் வந்த தேர்தலில் நாலாயிரத்துக்கும் குறைந்த வாக்கில் தோற்றார். வேலையின் மதிப்பு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் என்று குற்றப்பத்திரிகை சொன்னது. எண்பதாயிரம் டாலர்தான் இருக்கும் என்று பிரதான சாட்சியே அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்க வக்கீல்களிடம் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. 2009 ஏப்ரலில் தீர்ப்பு ரத்தாயிற்று; இலாகாவை நம்பாத நீதிபதி எம்மெட் சல்லிவன், வெளியாளான ஒரு வழக்கறிஞரைத் தாமே நியமித்து விசாரிக்கச் செய்தார். இலாகாவின் சொந்த விசாரணையோ இரண்டு வக்கீல்களுக்கு நாற்பது நாளும் பதினைந்து நாளும் தாற்காலிக நீக்கம் விதிப்பதில் முடிந்து, தன் விதிமுறையை இலாகாவே மீறியதாகக் கூறப்பட்டு, அத்தண்டனையும் தள்ளுபடியாயிற்று. ஸ்டீவன்ஸ் இருந்த கட்சியை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு செனட்டருக்கே இக்கதி என்றால், நீதிபதியின் சினத்தைக் கிளப்பும் வசதியில்லாத ஏழைக் கைதியின் கோப்பைத் திறந்து பார்ப்பார் எவர்?

வக்கீல் தொழிலின் நுட்பம் வெளியாருக்குப் புரியாது, அவர்கள் விசாரித்தால் வேலை முடங்கும் என்கிறார்கள் இந்த விலக்கை ஆதரிப்பவர்கள். ஆனால் எஃப்.பி.ஐ.யையும் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத்தையும் 2001-இல் இன்ஸ்பெக்டர் ஜெனரலின் வரம்புக்குள் கொண்டுவந்த பிறகு, அவற்றின் கைகள் கட்டுண்டு போகவில்லை. நீதிபதியின் உத்தரவின்றியே ஒருவரைப் பற்றிய விவரங்களைக் கேட்டு வாங்கும் தேசப் பாதுகாப்புக் கடிதங்களை எஃப்.பி.ஐ. முறைகேடாகப் பிரயோகித்ததை 2007-இல் நாம் அறிந்ததே அதன் பயனாகத்தான். இன்னொரு ஆட்சேபணைக்குச் சற்றுக் கனமுண்டு: இன்ஸ்பெக்டர் ஜெனரலையும் ஜனாதிபதி நீக்கிவிடலாமே என்பது. 2025 ஜனவரியில், காங்கிரஸுக்கு முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற சட்டத்தைப் புறக்கணித்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் நீக்கப்பட்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் வழக்காடினார்கள். நீக்கியது சட்டவிரோதம் என்று நீதிபதி சொன்னார், ஆனால் பதவியைத் திருப்பித் தரவில்லை. அந்தக் காவலை உறுதிப்படுத்த வேண்டும் என்பதற்கு இது காரணமாகுமேயன்றி, அந்தக் காவலே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. தொழிற்பொறுப்பு அலுவலகத் தலைவரை மாற்றுவதற்கோ எவருக்கும் முன்னறிவிப்பே தேவையில்லை.

இந்த விலக்கை நீக்கும் மசோதா 2019 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் யூட்டாவின் மைக் லீயும் இல்லினாயின் டிக் டர்பினும், கட்சியால் எதிரெதிரானவர்கள், சேர்ந்தே அதைக் கொண்டுவந்தார்கள், ஆனாலும் சட்டமாகவில்லை. உங்கள் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் இருக்கிறார்கள். இருவருக்கும் உங்கள் கையெழுத்தோடு கடிதம் எழுதி, இம்மசோதாவுக்கு வாக்களிப்பீர்களா மாட்டீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அவர்கள் அடுத்து நடத்தும் ஊர்க்கூட்டத்துக்கு நேரில் போய், எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று அதையே கேளுங்கள்.